குருத்தணு மாற்றுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லையா? வலி, வறட்சி, அடைப்பு, புரை: ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது

"தொண்டையில இறங்கமாட்டேங்குது." பிஎம்டி வார்டில், அதாவது குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று செய்யும் வார்டில், தினமும் கேட்கும் வாக்கியம் இது. இதற்குள் நான்கு வெவ்வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். வலிக்கு நல்லதென்று கஞ்சியை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால், புரையேறுகிறவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அதனால் கொப்பளிக்கும் நீர், மருந்து, சாப்பாடு என்று போவதற்கு முன்னால், எது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் எது என்று பிரியுங்கள்

வலி என்றால், எச்சிலை விழுங்கும்போதே கீறுவது போலிருக்கும். திட உணவு, திரவம் என்ற வித்தியாசம் அதிகம் இருக்காது. புண் அல்லது தொற்று காரணமாக இருக்கும்.

வறட்சி என்றால் வலி பெரிதாக இராது. இட்லியை மென்றுகொண்டே இருப்பார்கள். அது மாவாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேவைப்படும்.

அடைப்பு என்றால் உணவு தொண்டையைத் தாண்டிவிடும். அதன் பிறகு கழுத்தடியிலோ நெஞ்சு நடுவிலோ நின்றுகொள்ளும். முதலில் சோறும் சப்பாத்தியும் நிற்கும். தண்ணீர் தாராளமாக இறங்கும். வாரக்கணக்கில் கெட்டி உணவு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

புரை என்றால் விழுங்கிய உடனே இருமல் வரும். சோற்றைவிடத் தண்ணீரும் காபியும்தான் அதிகம் படுத்தும். குடித்த பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஈரமாகக் கேட்கும்.

இரண்டு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். "காலை 8.30, ஒரு இட்லி, நெஞ்சு நடுவில் நின்றது, வெந்நீர் குடித்ததும் இறங்கியது" என்கிற அளவு போதும். "சரியா சாப்பிடலை டாக்டர்" என்று சொல்வதைவிட இந்த ஒரு வரியில் மருத்துவருக்கு அதிகம் கிடைக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது, மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம், நாக்கு அல்லது கழுத்து வீக்கம், ரத்த வாந்தி, உணவு நின்று எதுவுமே இறங்காமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சலும் இதே கணக்குதான். வெள்ளையணு குறைந்திருக்கும்போது காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. தண்ணீரும் மாத்திரையும் ஒரு நாள் முழுக்க உள்ளே போகவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

எந்த நாளில் என்ன வரும்

அணுக்களை ஏற்றும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணுவார்கள். அதற்கு முன்பு தரும் அதிக வீரிய கீமோவோ முழு உடல் கதிர்வீச்சோ, வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் செல்களைத் தாக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் உட்தோல் அப்படிப்பட்டது. பழைய தோல் உதிரும், புதிது வராது, புண்ணாகும். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் எரிச்சல் தொடங்கி, பத்தாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும். கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கியதும் சில நாட்களிலேயே ஆற ஆரம்பிக்கும். அடுத்தவரிடமிருந்து அணுக்கள் பெற்றவர்களில் பலருக்கு 1, 3, 6, 11 ஆகிய நாட்களில் மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவார்கள். அவர்களுக்குப் புண் இன்னும் கடுமையாகவும், ஆறுவது தாமதமாகவும் இருக்கும்.

முதல் மாதம் தாண்டிய பிறகு புதிதாக வலி வந்தால் அது பழைய புண் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் பூஞ்சை, ஹெர்பிஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வரலாம். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குப் பிறகு தலைகாட்டுவது நாட்பட்ட ஜிவிஹெச்டி, அதாவது தானம் வந்த அணுக்கள் உடலைத் தாக்குவது. வறட்சியும் அடைப்பும் இதில்தான் அதிகம். தன்னுடைய அணுக்களையே திரும்பப் பெற்றவருக்கு இது அனேகமாக வராது. அவருக்கு மாதங்கள் கழித்து அடைப்பு வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மெல்ஃபலான் ஏறும்போது ஐஸ்

மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தரும் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து கொஞ்ச நேரம்தான் ரத்தத்தில் வீரியமாக இருக்கும். அந்த நேரத்தில் வாயைக் குளிரவைத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், வாய்த்தோலுக்குப் போய்ச் சேரும் மருந்து குறையும். மருந்து தொடங்க 5 நிமிடம் முன்பே பொடித்த ஐஸை வாயில் போட்டு, மருந்து ஏறும் நேரம் முழுக்கவும், முடிந்த பிறகும் வார்டில் சொல்லும் நேரம்வரை வைத்திருக்க வேண்டும். ஒரே கன்னத்தில் ஒதுக்காமல் நாக்கின் கீழ், அண்ணம், இரு கன்னங்கள் என்று நகர்த்துங்கள். கட்டியாக இருந்தால் பல் கூசிப் பாதியில் துப்பிவிடுவார்கள். பொடியாகவே கேளுங்கள். ஐஸ் கொதித்து ஆறிய நீரில் செய்ததாக இருக்கவேண்டும், கடை ஐஸ் கூடாது.

இது வாயைத்தான் காக்கும். உணவுக்குழாய் வரை குளிர் போகாது என்பதால், வாய் சுத்தமாக இருந்தும் நெஞ்சுக்குள் எரிவது உண்டு. பல நாள் தரப்படும் மருந்துகளுக்கு இந்த உபாயம் அவ்வளவு பொருந்தாது. முழு உடல் கதிர்வீச்சு பெறுபவர்கள், வாய்க்குள் குறைந்த சக்தி லேசர் சிகிச்சை தங்கள் மருத்துவமனையில் உண்டா என்று கேட்டுவைக்கலாம்.

கொப்பளிக்கும் நீர்

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். கல்லுப்பில் கரண்டிக் கணக்கு சரிவராது. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலம் கலந்திருக்கும், புண்ணில் எரியும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் உப்பைப் பாதியாக்குங்கள், சோடாவை விடாதீர்கள். கெட்டியாக நூல் நூலாக வரும் எச்சிலை அறுப்பது அதுதான்.

ஒரு வாய்க்கு 15 முதல் 20 மி.லி. அரை நிமிடம் வாய்க்குள் சுழற்றி, முடிந்தால் தலையை லேசாகச் சாய்த்துத் தொண்டையிலும் களகளக்க விட்டுத் துப்புங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. விழித்திருக்கும் நேரத்தில் 2 அல்லது 3 மணிக்கு ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு கட்டாயம், தூங்கப் போகுமுன் கடைசியாக ஒன்று. மீந்ததை மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் அதிகம் தவறுவது வரிசையில்தான். முதலில் இந்த நீர், கொஞ்சம் பொறுத்து மருந்து. பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டு கொடுத்திருந்தால் அதை வாயில் முடிந்த அளவு நேரம் வைத்திருந்து, சொல்லியிருந்தால் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்கவேண்டும். மருந்து போட்ட கையோடு கொப்பளித்தால் அது வாஷ்பேசினில் போகிறது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் ஒன்றையொன்று முறிக்கும், இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எதுவுமே வேண்டாம்.

பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மிக மிருதுவான பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் முக்கி, புதினா காரமில்லாத பேஸ்ட்டால் துலக்குங்கள். பிளேட்லெட் குறைந்து ஈறில் ரத்தம் கசிந்தால் பிரஷ்ஷா பஞ்சா என்பதை வார்டு முடிவு செய்யட்டும். பூஞ்சைத் தொற்று வந்துபோனால் பிரஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். பல்செட் இருந்தால் சாப்பாட்டு நேரம் தவிரக் கழற்றியே இருக்கட்டும்.

வலி மருந்தின் நேரம்

வலி உச்சிக்குப் போனபிறகு மருந்து கேட்பவர்களே அதிகம். கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதுதான் சரி. வாயால் தரும் மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்பு வைத்துக்கொண்டால், மருந்து பிடித்திருக்கும் இடைவெளியில் நாலு வாய் இறங்கும். உச்ச நாட்களில் நரம்பு வழியாக மார்ஃபின் தேவைப்படுவது சாதாரணம். பழகிவிடுமோ என்று பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கு மட்டும் முதல் நாளே மருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஜெல் அல்லது கரைசலில் ஒரு வில்லங்கம் உண்டு. வாய்க்கு மட்டும் பயன்படுத்தித் துப்பினால் நல்லது. தொண்டை மரத்த நிலையில் சாப்பிட்டால் புரையேறுவதே தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. தொண்டை வரை போட்டிருந்தால் ஒரு மணி நேரம் சாப்பாடு வேண்டாம்.

இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவற்றைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. பிளேட்லெட்டும் சிறுநீரகமும் ஏற்கெனவே இக்கட்டில் இருக்கின்றன. பாராசிட்டமால் போடுமுன் காய்ச்சலை அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் தொற்றின் முதல் அறிகுறியை மாத்திரை மூடிவிடும்.

தட்டில் என்ன

புண் இருக்கும் நாட்களில் நான்கை மட்டும் ஒதுக்கினால் பாதித் தொல்லை குறையும்: காரம், புளிப்பு, சூடு, மொறுமொறுப்பு. மிளகும் காரத்தில் சேர்த்திதான். ரசம் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எல்லாம் அறைச்சூட்டில் இருக்கட்டும்.

குழைய வேகவைத்த சாதத்தைப் பருப்புத் தண்ணீரோடு மிக்சியில் அடித்து, ஒரு தேக்கரண்டி நெய்யும் இரண்டு தேக்கரண்டி பால் பவுடரும் சேர்த்தால் கிண்ணத்தின் அளவு கூடாமல் சத்து கூடும். ஐந்து வாய்தான் சாப்பிட முடியும் என்கிறபோது அந்த ஐந்திலும் சத்து இருக்கவேண்டும். வெறும் கஞ்சித் தண்ணீரால் வயிறு நிரம்பும், எடை இறங்கும். கேழ்வரகுக் கூழ், சர்க்கரைவள்ளி மசியல், மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவித்து நெய்யும் வெந்நீரும் விட்டு மசித்த முட்டை, மிளகு போடாத வெண்பொங்கல் எல்லாம் இறங்கும். இட்லியை அப்படியே கொடுத்தால் தூளாகிச் சிதறும். பாலிலோ காரமில்லாத சாம்பாரிலோ பத்து நிமிடம் ஊறட்டும். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருப்பவர்களுக்கு இனிப்புக் கூழ் கணக்குப் பார்த்துத்தான். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். தயிர் கொடுக்கலாமா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் கட்டாயம் சொல்வது மணத்தக்காளிக் கீரை. சாதாரண வாய்ப்புண்ணுக்கு அது காலகாலமான பழக்கம். இது கீமோவால் தோலே உரிந்த புண், கவுண்ட் ஏறினால்தான் ஆறும். நன்றாக வேகவைத்து அரைத்து, காரமில்லாமல் கூட்டாகக் கொடுத்தால் உணவு என்ற அளவில் சரிதான். பச்சைக் கீரையை மெல்லச் சொல்வது வெள்ளையணு இல்லாதவருக்கு ஆபத்து. காய்ச்சாத தேன் தடவுவதும் அப்படியே. இளநீருக்கு வேறு கணக்கு: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறும் போக்கில் இருக்கும், இளநீர் அதைக் கூட்டும். பம்பளிமாஸ் பழம் இந்த மருந்துகளின் அளவையே மாற்றக்கூடியது. தொடவேண்டாம்.

வாய் வழியாகப் போதவில்லை என்றால் மூக்கு வழிக் குழாய் வைப்பார்கள். அதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. குடல் வேலை செய்கிறதென்றால், ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் தருவதைவிட முதலில் பார்க்கவேண்டிய வழி அதுதான். குழாய் இருந்தாலும், மருத்துவர் தடுக்காதவரை, அவ்வப்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருங்கள். வாரக்கணக்கில் விழுங்காமல் இருந்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்துபோகும்.

மாத்திரை இறங்கவில்லை என்றால்

எதையும் கேட்காமல் பொடிக்காதீர்கள். மைக்கோஃபினோலேட், வால்கான்சிக்ளோவிர் ஆகியவற்றின் தூள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. பொடிக்கும் கை மகளுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கலாம். பூஞ்சைக்கான போசகோனசோல் தாமத மாத்திரையையும் (மெதுவாகக் கரையும் வகை), வயிற்றமிலத்துக்கான மேலுறை போட்ட மாத்திரைகளையும் உடைத்தால் வேலை செய்வது கெடும். போசகோனசோல் திரவமும் மாத்திரையும் அளவுக்கு அளவு மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. சைக்ளோஸ்போரின், ஃப்ளுகோனசோல் போன்றவற்றுக்குத் திரவ வடிவம் உண்டு. மாற்றும்போது மருத்துவரே அளவை எழுதவேண்டும்.

எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட், பொட்டாசியம் குளோரைடு, டாக்சிசைக்ளின் ஆகியவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே புண்ணாக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்கவேண்டும். அடைப்பு இருப்பவர் அலெண்ட்ரோனேட் எடுக்கவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புரையேறுகிறவர்களுக்கு

வெகுநாள் ஸ்டீராய்டு, ஐசியுவில் சுவாசக் குழாய் போட்டிருந்தது, உடம்பு இளைத்தது: இவற்றால் தொண்டைத் தசை பலவீனமாகும். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரைப் பார்த்தே ஆகவேண்டும். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் கசிவதும் உண்டு. அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழிக் கேமராவிலோ பார்த்துத்தான் எந்தப் பதம் பாதுகாப்பு என்று சொல்ல முடியும்.

அவர்கள் சொன்ன பதம் வீட்டில் தினமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை. 10 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி, 10 மி.லி. கோடுவரை கஞ்சியை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 வினாடி ஒழுகவிட்டு மறுபடி மூடுங்கள். மிச்சம் 1 மி.லி.க்கும் குறைவென்றால் அது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை மிக லேசான கெட்டி. 4 முதல் 8 வரை லேசான கெட்டி. 8க்கு மேல் நின்றால் நடுத்தரக் கெட்டி. ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றால் கரண்டியில் எடுத்து உண்ணும் பதம். சர்வதேச அளவுகோல் இதுவே, சிரிஞ்சில் 0 முதல் 10 மி.லி. வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்கவேண்டும். கேழ்வரகுக் கூழ் ஆற ஆறக் கெட்டியாகும், ஆகவே ஊட்டப்போகும் சூட்டில் அளக்கவேண்டும்.

உட்காரும் விதம்: முதுகு நேராக, பாதம் தரையில். படுக்கையில் சாய்ந்து ஊட்டக் கூடாது. ஒரு தேக்கரண்டி, விழுங்கல், வாய் காலி என்று பார்த்துவிட்டு இன்னொரு வெறும் விழுங்கல், அதன் பிறகே அடுத்த கரண்டி. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், சிலருக்கு மோசமாக்கும். சிகிச்சையாளர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்தை அடியோடு விடவேண்டும், மூச்சுவழி திறப்பது அந்த நிலையில்தான். டிவி அணைந்திருக்கட்டும், பேச்சு பிறகு. சாப்பிட்டபின் அரை மணி உட்கார்ந்திருங்கள்.

அடைப்பு

நாட்பட்ட ஜிவிஹெச்டியில் உணவுக்குழாயின் மேல், நடுப் பகுதிகளில் மெல்லிய சவ்வு வளரலாம், குழாயே சுருங்கலாம். சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கும் என்ற வீட்டு வைத்தியத்தை இங்கே செய்துவிடாதீர்கள். சுருங்கிய இடத்தில் உருண்டை அப்படியே மாட்டிக்கொள்ளும். பதம் மாற்றி, துண்டுகளை ஒன்றரை செ.மீ.க்குள் வைத்து, குழம்போடு ஈரமாக உண்பது பரிசோதனை நாள்வரை ஓட்டுவதற்கான வழி மட்டுமே.

எண்டோஸ்கோப்பிக்கு முன் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். சவ்வு தொண்டையை ஒட்டியே இருந்தால், தெரியாமல் குழாயை நுழைக்கும்போது துளை விழக்கூடும். விரிவாக்குவதும் ஒரே நாளில் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல அமர்வுகள் ஆகும். சில மாதங்களில் மறுபடி சுருங்கினால் மறுபடி செய்வார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை முன்பே பார்ப்பார்கள். செய்த அன்று நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு: இதில் எது இருந்தாலும் உடனே திரும்பிப் போகவேண்டும்.

வயிற்றமிலம் மேலே வருவதும் சுருக்கத்தைக் கூட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவது கழுத்தை மட்டுமே மடக்கும்.

வறட்சியும் வாய் ஜிவிஹெச்டியும்

கன்னத்தின் உட்புறம் சரிகை போல வெள்ளைக் கோடுகள், காரமே போடாத சாப்பாட்டிலும் எரிச்சல் என்றால் பூஞ்சை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பூஞ்சை வெள்ளை தேய்த்தால் பெரும்பாலும் உரியும், இந்தக் கோடுகள் உரியாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கரைசல் தந்தால், 5 மி.லி.யை வாயில் 5 நிமிடம் சுழற்றித் துப்புவது வழக்கமான முறை. முப்பது வினாடியில் துப்பினால் பலன் இல்லை. அரை மணி எதுவும் சாப்பிடாதீர்கள். நுரையீரலுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் பூஞ்சை வரக்கூடும்.

எச்சில் குறைவுக்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம், செயற்கை எச்சில் ஜெல். பைலோகார்பின் மாத்திரை சிலருக்கு நன்றாகவே உதவும், ஆஸ்துமாவோ குறுகிய கோணக் கண் அழுத்த நோயோ இருந்தால் சொல்லிவிடுங்கள். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாய் சப்புவது பல்லைத் தின்றுவிடும். எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாகப் பரவும், ஃப்ளூரைடு அதிகமுள்ள பேஸ்ட்டை பல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

வாய் திறக்கும் அளவை மாதம் ஒரு தடவை பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை அடுக்கி நெட்டுக்குத்தாகப் பற்களுக்கிடையே வைக்க முடியவேண்டும். மூன்று இரண்டாகக் குறைந்தால் தோல் இறுகுகிறது, தாடைப் பயிற்சியை அப்போதே தொடங்கவேண்டும். ஒரு விரல் அளவுக்கு வந்தபிறகு எண்டோஸ்கோப் நுழைப்பதும் பல் பார்ப்பதுமே சிரமம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் நாக்கின் பக்கவாட்டையும் கன்ன உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று செய்தவர்களுக்கு, அதிலும் நாட்பட்ட ஜிவிஹெச்டி உள்ளவர்களுக்கு, வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூன்று வாரம் ஆறாத புண் எதுவானாலும் சதைப் பரிசோதனை தேவை. வெற்றிலை பாக்கு, புகையிலை இரண்டும் கூடவே கூடாது. பல் பிடுங்க நேர்ந்தால் நாற்காலியில் உட்காருமுன், எலும்புக்கான சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டிருக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். மைலோமாக்காரர்களில் பலர் போட்டிருப்பார்கள். அந்த ஊசிக்குப் பிறகு பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரக்கூடும், அதனால் உங்கள் ரத்தநோய் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுத்த பிறகே கை வைக்கவேண்டும்.